கண்ணுக்கு மருந்து வயித்துல

...அந்தக் கண் டாக்டர் மேல கேஸ் போட்டா என்ன தம்பி? சொல்லேன்! குடி, குடி, உன் லாரி எங்கயும் ஓடிப் போயிடாது.

எனக்கு ஆரம்பத்துல லேசா உறுத்தல்தான். பிஷ்கெக் டவுனு வரைக்கும் போய்க் காட்டினேன். மீசை கூட ஒழுங்கா மொளைக்காத பய. கண்ணுல வெளக்கடிச்சுப் பாத்துட்டு, "வயிறு எப்படி? மருந்துக்கடையில நீங்களா மாத்திரை வாங்கி முழுங்குவீங்களா?"ங்கறான். அடேய், கண்ணக் காட்ட வந்தவகிட்ட குடலக் கேக்கறியேன்னேன். வயித்துல நல்ல கிருமிங்க இருக்காம். அது கொறஞ்சா கண்ணுலயும் எரிச்சல் வரலாமாம், ஆராய்ச்சி நடக்குதாம். புளிச்ச பால் குடிங்கன்னான். யாருகிட்ட சொல்றான் பாரு! பொறந்ததுலேர்ந்து குதிரைப்பாலப் புளிக்க வெச்சு, கிமிஸ்லயே முங்கிக் கெடக்கற இந்த சாய்கல் கெழவிகிட்ட!

சரின்னு ஒரு மாசமா நாளைக்குப் பத்துக் கிண்ணம். என் வயித்துல கிருமிங்க கல்யாணமே நடத்துதுங்க, சத்தம் கேக்குதா? ஆனா கண்ணு? செக்கச் செவேல்னு கெடக்கு! நேத்து நம்மளதுன்னு நெனச்சு பக்கத்துக் கூடாரத்தான் குதிரைகிட்ட போய்க் கறக்க உக்காந்துட்டேன். ஒரே ஒதை! என் மருமக புருல்சா சிரிச்சா பாரு... அவளுக்கு அதான வேணும். என் கண்ணு போச்சுன்னா பெட்டைக் குதிரைங்க எட்டும் அவ கைக்குப் போயிரும். முப்பது வருசமா இங்க நான்தான் கறக்கறேன் தம்பி. பயமாத்தான் இருக்கு, பொய் சொல்லுவானேன்.

என்ன? கிமிஸ் எப்படிப் பண்றேனா? நல்லாக் கேட்டே போ! பால் புளிக்கற தோல்பைக்கு உள்ள பொகை போட்டு, சுத்தம் பண்ணித்தான். முன்னெல்லாம் வாரம் ஒரு தடவ. இப்ப அந்த நல்ல கிருமிங்களுக்கு நல்ல எடம் வேணாமா? காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பை வாய்க்குள்ள தலைய உட்டு, பொகை மூலையெல்லாம் புடிச்சுதான்னு கண்ண நல்லா முழிச்சு...

ஏன் அப்படிப் பாக்கறே?

...அட அல்லாவே.

"தலைய வெளிய எடுங்க அத்தை"ன்னு அந்தப் பொண்ணு தெனம் கத்துனா தம்பி. பொறாமைன்னு நெனச்சேன்.

நீ வாயத் தெறக்காதே, ஆமா. ஏ புருல்சா! இனிமே பைக்கு நீதான் பொகை போடணும்! ஏனா? டாக்டர் சொல்லிட்டாரு! கெட்டிக்கார டாக்டருடி அவரு! இந்தா, பையத் தூக்கிட்டுப் போ... ஏய், கயித்த ஏன் தொடற? குதிரைய நான்தான் கறப்பேன்!