டிக்கியில் ஆறு எழுத்து

தம்பி: மனுஷ இனத்தையே ரெண்டாப் பிரிச்சுடலாம்க்கா. பொறக்கும்போதே வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் ஒருத்தன். வண்டி முதுகுல ‘பழகுகிறேன்’னு ஒட்டிக்கிட்டு ஊரைச் சுத்தறவன் இன்னொருத்தன்.

அக்கா: நீ எந்த இனம்?

தம்பி: இதெல்லாம் ஒரு கேள்வியா? நேத்துதானே டெஸ்ட் பாஸ் பண்ணேன். லைசென்ஸ் தபால்ல வருது.

அக்கா: ம்… தபால்ல.

தம்பி: டிரைவிங் ஸ்கூல்காரன் கழிச்சுக்கட்டின வண்டி இது. வாங்கின அன்னிக்கே நீ இந்த டிக்கி எழுத்தை எடுத்திருக்கணும். நாலு மணிக்கு மாமனார் ஸ்டேஷன்ல இறங்கறாரு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரு. ‘பழகுகிறேன்’ல போய் நின்னா பொண்ணு குடுப்பாரா?

அக்கா: இன்னும் மாமனார் ஆகலடா. அது என்ன கையில?

தம்பி: பிளேடு.

அக்கா: கீழ வை.

தம்பி: ஒரே சீவு…

அக்கா: பெயிண்டும் சேர்ந்து வரும். இந்தா, ஹேர் டிரையர்.

தம்பி: காருக்குத் தலை வாரப் போறமா?

அக்கா: சூடு காட்டினா பசை இளகும். ஒரே இடத்துல பிடிக்காதே, ஆட்டிக்கிட்டே இரு. இப்ப நகத்தால ஓரத்தைக் கிளப்பு. மேல தூக்காதே… படுக்க வெச்சு இழு. மெதுவா. பல் புடுங்கற மாதிரி இழுக்காதடா!

தம்பி: வருது… ‘ப’ முழுசா வந்துடுச்சு!

அக்கா: கசக்காதே. இந்த பிளாஸ்டிக் மூடியில ஒட்டு.

தம்பி: குப்பைக்குப் போறதுக்கு மூடி எதுக்கு?

அக்கா: சும்மா.

தம்பி: நீ புதுச் செருப்பு வேற மாட்டியிருக்கியே, எதுக்கு? ஸ்டிக்கர் உரிக்கவா?

அக்கா: அதுவும் சும்மாதான். ‘ழ’வப் பாரு, வளைவுல கிழியும்.

தம்பி: இப்படி எழுதிட்டு ஓட்டறவனுக்கெல்லாம் மானமே கிடையாதாக்கா? நானா இருந்தா நடந்தே போயிடுவேன்.

அக்கா: நடந்தா உடம்புக்கு நல்லது. வரிசை மாத்தாம ஒட்டு. ‘கு’வுக்கு அப்புறம் ‘கி’.

தம்பி: இந்த ‘ன்’ மேல ஒரு புள்ளி… கடுகு மாதிரி. நகத்துக்கே சிக்கல. சே, என்ன வேர்வை…

அக்கா: முகத்தைத் துடைச்சுக்கோ. மிச்சப் பசைக்கு இந்தத் துணியில சமையல் எண்ணெய். அப்புறம் சோப்புத் தண்ணி.

தம்பி: துடைச்சாச்சு. இப்பப் பாரு, கண்ணாடி மாதிரி… அக்கா.

அக்கா: என்ன?

தம்பி: எழுத்து இன்னும் தெரியுதே.

அக்கா: தெரியும். சுத்தி இருக்கிற பெயிண்ட் வெயில்ல வெளுத்துப் போச்சு. எழுத்துக்கு அடியில மட்டும் பழைய நீலம். அது பசை இல்ல, நிழல்.

தம்பி: உரிச்சும் படிக்க முடியுதா?

அக்கா: பக்கத்துல வந்தா. பாலிஷ் போட்டுத் தேய்ச்சா மங்கும். அரை நாள் ஆகும்… உன் போன் அடிக்குது.

தம்பி: வணக்கம் மாமா… ஆமா மாமா, நானேதான் ஓட்டிட்டு வரேன்… பத்து வருஷமா… என்னது? சரி மாமா… சரி… வெச்சுடறேன்.

அக்கா: என்னவாம்?

தம்பி: பின் சீட்டுல உக்காந்து நான் ஓட்டறதைப் பார்க்கணுமாம். அதுக்கப்புறம்தான் பேச்சாம். வாய் பொய் சொல்லுமாம், ஸ்டியரிங் சொல்லாதாம்.

அக்கா: நியாயம்தான். பாலிஷ் எடுத்துட்டு வரவா?

தம்பி: பாலிஷ் வேணாம்.

அக்கா: பின்ன என்னடா?

தம்பி: அந்த மூடியக் குடு.

அக்கா: குப்பைதானே?

தம்பி: குடுக்கா.

அக்கா: இந்தா.

தம்பி: …ஸ்கேல் வேணுமா, வரிசை பார்க்க?

அக்கா: நிழல் இருக்குல்ல. அது மேலயே ஒட்டு. எழுத்துல பசை கொஞ்சம் மிச்சம் இருக்கு, இன்னிக்குத் தாங்கும். எண்ணெய்க் கையைக் கழுவிட்டு வந்து ஒட்டு.

தம்பி: கழுவிட்டேன். ‘ப’… ‘ழ’… ‘கு’… ‘கி’… ‘றே’… ‘ன’ வரைக்கும் ஆச்சு. புள்ளியக் காணோம்.

அக்கா: உன் நெத்தியில இருக்கு.

தம்பி: அப்பவே சொல்லக் கூடாதா?

அக்கா: நீயே சொல்லுவேன்னு காத்துட்டிருந்தேன்.

தம்பி: நெத்தியில இருக்கறது எனக்கெப்படித் தெரியும்?

அக்கா: நான் புள்ளியச் சொல்லல.

தம்பி: பின்ன எதை?

அக்கா: உனக்கு டெஸ்ட் வெச்ச மேடமும் நானும் ஸ்கூல்ல ஒரே பெஞ்ச். நீ ஃபெயில்னு நேத்து மத்தியானமே போன் பண்ணிட்டா. ஏறு, பக்கத்துல நான் உக்காந்தாத்தான் நீ ஓட்டலாம். செருப்பு அதுக்குத்தான். ரிவர்ஸ்ல ரெண்டு கம்பத்தைச் சாய்ச்சியாமே?

தம்பி: …மூணு. அவங்க குனிஞ்சு எழுதிட்டிருந்தப்ப, ஒண்ணை நானே இறங்கிப் போய் நிமித்தி வெச்சுட்டேன்.