மதிப்பு வராத பெயர்

மன்றத்தின் மாண்பமை தலைவர் பன்னீர்செல்வம் ஐயா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மேன்மைமிகு பெரியோர்களே, நம் தீவின் பெரார்கஞ்சிலிருந்து பேருந்து பிடித்து வந்த பெருமக்களே, கரையில் நின்று கடலைப் பார்த்தே கண் பூத்துப்போன தாய்மார்களே, கராச்சர்மா ஊர் ஜோஸ்லினின் கைகூப்பிய வணக்கம்!

தமிழில் கட்டளையிட்டால் கணினி கேட்கும்படி ஒரு சிறு மொழி செய்தேன் என்பதற்காக இந்தப் பொன்னாடை. ஆடை நன்றாகத்தான் இருக்கிறது; மனசுதான் நன்றாக இல்லை.

நம் படகுத்துறையில், காலையில் கடலுக்குப் போகிறவர் பெயரை அந்த மொழியில் ஒரு வரியாக அறிவிப்போம். அவர் திரும்பியதும் அதே வரியில் நேரத்தைச் சேர்ப்போம். கணினித் தொழிலில் அந்தப் பெயருக்கு மாறி என்று பேர். நேரம்தான் அதன் மதிப்பு. வரியைப் படிக்கும் கணினி, ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஒரு வீடு கட்ட வேண்டும். முன்னறையில் பெயர், பின்னறையில் மதிப்பு. நான் என்ன செய்தேன்? மதிப்பு இல்லாத வரியா, தள்ளிவிடு என்று எழுதிவைத்தேன். மெத்தப் படித்த மேதாவி! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், எனக்கு வேண்டியதுதான்.

மாலைக்குள் எல்லோரும் திரும்பிவிடுவதால் என் பிழை யாருக்கும் தெரியவில்லை. பத்து மாதத்துக்கு முன் ஒருநாள் காலை, பன்னிரண்டு பேர் போனார்கள். மாலைப் பட்டியலில் பதினொரு பெயர். என் மாமியார் சூசைமேரி அந்தத் தாளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஏட்டி ஜோஸ்லின், எம் மவன் பேரு எங்கட்டி?"

"அவரு இன்னும் வரல அத்தை. டைம் போட்டாத்தான் பேரு வரும்."

"அரே, வரலன்னா பேருகூடவா இல்லாமப் போவும்?"

பெரியோர்களே, வராதவர் இல்லாதவரா? நேரம் நிரம்பாவிட்டால் நெஞ்சில் இருக்கும் பெயரும் நீங்கிவிடுமா? தேடப் படகுகள் புறப்பட்டதும், வேறெதுவும் செய்ய வழியில்லாத நான் துறையிலேயே உட்கார்ந்து திருத்தினேன். பெயர் மட்டும் வந்தாலும் வீடு கட்டு. பின்னறை காலியாகவே இருக்கட்டும். நேரம் வரும்வரை அந்தப் பெயர் அடுத்தடுத்த நாள் பட்டியலிலும் நிற்கட்டும். படகுகள் திரும்பின. என் கணவர் பென்னி கிடைக்கவில்லை.

நாளை நம் மீனவர் சங்கக் கூட்டம். பென்னியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பதா என்று கை தூக்கி முடிவெடுக்கப் போகிறீர்கள். செயலர் முருகையா அண்ணன் என்னிடம், "தங்கச்சி, அதப் பாத்துப் பாத்து ஒங்க அத்தை ஒடஞ்சு போறாங்க, எடுத்துரலாம்மா" என்றார். அண்ணே, தலையைக் குனியாதீங்க. நீங்க பாசத்துலதான் சொன்னீங்க.

ஆனால் எனக்கு அவர் வேண்டும். மேடையில் சொல்ல எனக்கென்ன வெட்கம்? ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்குள் வந்து, "சாய் இருக்கா?" என்று கேட்கும் அந்த மனிதர் எனக்கு வேண்டும். இன்று வேண்டும், நாளை வேண்டும், என்று வந்தாலும் வேண்டும்!

நேற்று மாலையும் பட்டியல் எடுத்தேன். பதினான்கு பெயர், பதின்மூன்று நேரம். பென்னியின் பெயருக்கு எதிரே இருந்த வெற்றிடத்தில் அத்தை விரலை வைத்தார்.

"எடம் இருக்குல்லா, அது போதும்ட்டி" என்றார்.

நாளை கை தூக்கும் முன் அந்த விரலை நினைத்துக்கொள்ளுங்கள். இடத்தை மட்டும் விட்டுவையுங்கள். நேரத்தை அவர் வந்து சொல்லட்டும்.

காது கொடுத்த உங்களுக்கு நன்றி. கடலில் இருப்பவர்களுக்கும் சேர்த்து என் வணக்கம்.