நிற்காத குமிழி

"மூணே மூணு ஓட்டை. அதுக்குப் போயி ஆளாளுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்கிறீங்க."

கட்டிலில் கிடந்தபடி இப்படி ஏளனம் பேசியவர் சக்கரபாணி. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர். நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை. நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. விலாவில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை விட்டுச் சீழை எடுத்துவிடுவோம், அப்புறம் சில நாள் குழாய் இருக்கும், வலித்தாலும் இருமத்தான் வேண்டும் என்றார் டாக்டர். சக்கரபாணி கொட்டாவி விட்டார். இருமல் என்றாலே அவருக்கு இளக்காரம்.

கலியனும் இருமிக்கொண்டுதான் இருந்தான்...

அது 2013, மழைக்காலம். இரவு பத்தரை. செகண்ட் ஷிப்ட் முடிந்து சுரங்கச் சாலையில் ஈ காக்கை இல்லை. தூரத்தில் சுரங்கத்து விளக்குகள் மட்டும், ஏதோ கடல் கடந்த துறைமுகம் போல. கான்ட்ராக்ட் ஆள் கலியன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சக்கரபாணியின் ஸ்கூட்டரை மறித்தான். மந்தாரக்குப்பம் வரை ஏற்றிக்கொள்ளச் சொன்னான்.

"ஒன்ன ஏத்துனா வண்டியக் கழுவணும்டா. இருமிக்கினே நடந்து வா."

சிரித்தபடி போய்விட்டார். விடிந்ததும் கலியனைச் சாலையோரத்திலிருந்து பிணமாகத் தூக்கினார்கள். குடிகாரப் பயல் என்றார் சக்கரபாணி. கலியன் குடித்ததே இல்லை. பெரிய மனிதர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. விலாவிலிருந்து ஒரு குழாய் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கியது. தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமினார். க்ளுக்... க்ளுக்... குமிழி நின்றதும் குழாயை எடுத்துவிடலாம், வீட்டுக்குப் போகலாம் என்றாள் நர்ஸ்.

நிற்கவில்லை.

எக்ஸ்ரேயில் நுரையீரல் அழகாக விரிந்திருந்தது. பாட்டிலை மாற்றினார்கள். குழாயையும் மாற்றினார்கள். க்ளுக்... க்ளுக்...

அன்றிரவு சக்கரபாணி மூச்சை அடக்கிப் பார்த்தார். பாட்டில் மட்டும் மூச்சு விட்டது. நர்ஸ் விலாவருகே குழாயை இடுக்கியால் இறுகக் கவ்வினாள். காற்று போக வழியே இல்லை. அப்போதும்... க்ளுக். தண்ணீர் மெல்லப் பழுப்பானது. நனைந்த நிலக்கரி வாசனை. டாக்டரைக் கூப்பிட அவள் ஓடினாள்.

அறையில் அவர் ஒருவர்தான். கட்டிலுக்குக் கீழே யாரோ இருமினார்கள்.

"அண்ணே... வூட்டுக்குத்தான போறீங்க..."

சக்கரபாணி மறுபடி மூச்சை அடக்கினார். இருமல் நிற்கவில்லை.

"தண்ணியிலதான் கெடக்கறேன். சுத்தமாத்தான் இருக்கறேன். மந்தாரக்குப்பம் வரைக்கும் ஏத்திக்கினு போங்கண்ணே..."