ஒம்பது நாள் நீலக் கட்டு

– மூக்க நான் பொத்திக்கறேன், நீங்க காலை நீட்டுங்க மாமா. வாசல்ல வண்டிய நிறுத்தும்போதே அடிச்சுது. செத்த நத்தைய மூட்டையாக் கட்டி வெயில்ல வச்ச மாதிரி.

– அது நூலுக்கு நீலச் சாயம் ஏத்தற அவுரிப் பானை நாத்தம் தியென். உங்க அத்தை சம்லி நாலு பானை வச்சிருக்கா. காலேஜுக்குப் போனதும், நீலத் துணிக்குப் பேர்போன சகோன் ஊர்க்காரிக்கு நீல நாத்தம் மறந்து போச்சா?

– பானை நாத்தம் எனக்குத் தெரியாதா? அதுல புளியும் சாம்பலும் வரும். இது கறி அழுகுற நாத்தம். எத்தனை நாளா இப்படிக் கட்டியிருக்கீங்க?

– நடவு முடிஞ்ச அன்னைக்கு வயல்ல நத்தை ஓடு காலைக் கிழிச்சுது. ஒம்பது நாள். வலியே இல்ல பாரேன். அவ்ளோ நல்ல துணி.

– சக்கரை இருக்கறவருக்கு வலி எங்க தெரியும்? போன வருஷம் அடுப்புச் சுடுசாம்பல்ல நின்னுக்கிட்டே பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சேவல் சண்டை பேசினவர்தானே நீங்க.

– கத்தரிக்கோல் எதுக்கு? அவுத்தாப் போதும்.

– அவுக்க வராது. தோலோட ஒட்டியிருக்கு. உவ்வே. இருங்க, ஜன்னலத் தொறந்துட்டு வரேன்.

– வாந்தி எடுக்கறதுன்னா அந்தப் பக்கம் எடு. இங்க அவ நூல் காயப்போட்டிருக்கா.

– பச்சையும் மஞ்சளுமா வடியுது மாமா. அசையாதீங்க. விரல் நடுவுல வெள்ளையா என்னமோ இருக்கு.

– ஒட்டரிசிப் பருக்கையா இருக்கும். காலைல உருட்டித் தின்னப்ப விழுந்திருக்கும்.

– பருக்கை நெளியாது மாமா.

– எங்க, காட்டு. அட ச்சை. இது என் காலா?

– யாரு உங்களை இந்த நீலத் துணியால கட்டச் சொன்னது?

– நீதான்.

– நானா?

– உன் வீடியோவ நாப்பது தடவை பாத்தேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு ஒரு கண்ணாடித் தட்டத்தைக் காட்டுன. துணியச் சுத்தி வட்டமா வெளுத்திருக்கு, அங்கெல்லாம் கிருமி செத்துப்போச்சுன்ன. இது வெறும் துணி இல்ல, மருந்துன்ன. சொன்னியா இல்லியா?

– சொன்னேன். ஆனா அது துவைச்சு கொதிக்க வச்ச துணி. பாத்தது ரெண்டே ரெண்டு வகைக் கிருமி. வேர்வை நாத்தம் வராத சட்டை செய்யலாம்னு சொல்லத்தான் எடுத்தேன். அடுத்த வாக்கியத்துலயே அதச் சொன்னேன் மாமா.

– அடுத்த வாக்கியத்த யாரு கேட்டா? மருந்துன்னதும் இந்த வீட்டுல எல்லாரும் கை தட்டிட்டோம்.

– சரி, துவைச்ச துணியத்தான கட்டினீங்க?

– துவைச்சா வீரியம் போயிடாதா? தினமும் விடியக்காலைல கட்டோட காலைப் பானைக்குள்ள முக்கி எடுத்தேன். அதுக்கு மேல இன்னொரு சுத்து.

– இந்தக் காலையா? பானைக்குள்ளயா? அந்தப் பானையே கிருமியாலதான் உயிரோட இருக்கு மாமா. அத்தை புளித்தண்ணி, வாழப்பழம், சாராயம்னு ஊட்டறாங்களே, யாருக்குன்னு நெனச்சீங்க? அதுங்க தின்னு நொதிச்சாத்தான் நூல்ல நீலம் ஏறும். அதுக்குள்ள போய் புண்ணுக் காலை விட்டிருக்கீங்க.

– இத வீடியோல சொல்லலையே நீ.

– சொல்லல. துணி வாங்கறவங்க மூஞ்சி சுளிப்பாங்கன்னு வெட்டிட்டேன். இருங்க, மூணாவது பானைல உயிர் ஓடிப்போச்சு, நீலமே ஏறலன்னு அத்தை ஒரு வாரமா புலம்பறாங்களே, அது?

– என் கால்தான். அவகிட்ட சொல்லிடாத. பூ வச்சு மன்னிப்பு கேட்டுக்கிட்டிருக்கா, பானைகிட்ட.

– த்தூ. அந்தப் பானைல முக்கி அத்தை குடுத்தனுப்பின நூலத்தான் நான் போன வாரம் வாயில வச்சு நுனி முறுக்கினேன். எழுந்திருங்க. கட்டைவிரல் கருத்துப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.

– வரல.

– வெட்டிடுவாங்கன்னு பயமா?

– மூணாம் நாளே எனக்குத் தெரியும் தியென்.

– என்ன தெரியும்?

– அழுகுதுன்னு. கால் வச்ச எடமெல்லாம் ஈ வந்துது. ஆனா நீலம் கணுக்கால் வரைக்கும் ஏறிக்கிச்சு, எத்தனை தேய்ச்சாலும் போகல. இதோட ஆஸ்பத்திரில போய் உக்காந்தா நர்சு கேப்பா, இது என்ன நீலம், யார் வீட்டுத் துணின்னு. அவளும் உன் வீடியோவப் பாத்தவதான். பாங்காக்லேர்ந்து ஆர்டர் வந்து இந்த ஊர்ல முப்பது தறி ஓடுது. ஒரு கட்டைவிரலுக்காக அத நிறுத்தணுமா?

– அதுக்காக புழுவோட உக்காந்திருந்தீங்களா?

– புழு இன்னிக்குத்தான் தெரியும்.

– இந்தாங்க ஃபோன், இதப் படிங்க. வீடியோவுக்குக் கீழ எழுதியிருக்கறது.

– கண்ணாடி இல்ல. நீயே படி.

– எங்கப்பாவுக்கு முதுகுல புண்ணு, எந்தத் துணி வாங்கணும்னு ஒருத்தி. பொறந்த கொழந்தைக்குத் தொப்புள் சுத்திக் கட்டலாமான்னு ஒருத்தி. ரெண்டுக்கும் நான் இதயம் போட்டிருக்கேன்.

– இதயம்னா?

– நான் நெனச்சது, அவங்களுக்கு நன்றி சொல்ற மாதிரி. அவங்க எடுத்துக்கிட்டது, கட்டலாம்னு நான் சொன்ன மாதிரி.

– காலை எந்தப் பக்கம் திருப்பணும்?

– எதுக்கு?

– படம் புடிக்கத்தான். சும்மா பாத்துக்கிட்டு நிக்காத. அவுத்ததையும் பக்கத்துல வை, துணி தெரியட்டும். அப்புறம் வண்டில ஏறறேன்.

– வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க. விரலை மறைக்காதீங்க. வணக்கம், நான் தியென். போன மாசம் நான் மருந்துன்னு சொன்னேனே, அதே துணி இது. இது எங்க கம்சிங் மாமா கால். அன்னைக்கு நான் காட்டுனது பொய் இல்ல, ஆனா மருந்துன்னு சொன்னது பொய். இப்ப இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். உங்க வீட்டுல யாராவது என் பேச்சக் கேட்டுப் புண்ணுல கட்டியிருந்தா, இந்த நிமிஷமே அவுத்துப் பாருங்க. பாத்துட்டு எனக்கு எழுதுங்க, உள்ள என்ன இருந்துச்சு?