முதுகில் இரண்டு தட்டு

காப்பி பரவாயில்லை, ஆபீசரம்மா. உங்கள் ஸ்டேஷன் காப்பியைப் பற்றி ஊரில் சொல்வதை நம்பியிருந்தால் தண்ணீரே போதும் என்றிருப்பேன். உங்கள் அப்பா ஓய்வு பெற்றதும் வீட்டு வண்டி வாங்கப் போகிறார் என்று சற்று முன் சொன்னீர்களே, டீசலா பெட்ரோலா என்று முடிவு செய்துவிட்டாரா? இல்லையென்றால் நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ரஸ்ஸல் விஷயமும் அதிலேயே வந்துவிடும்.

படுக்கையறை, அடுப்படி, குளியலறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பஸ் நீளத்துக்கு ஓடுகிற வண்டி அது. டீசல் வண்டியில் எஞ்சின் பின்னால், கட்டிலுக்கு அடியில் இருக்கும். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குச் சத்தமே கேட்காது. பெட்ரோல் வண்டியில் எஞ்சின் முன்னால், புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். மேடு ஏறும்போது அது போடுகிற கூப்பாட்டில் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது. ரஸ்ஸல் கிரேடி அதைத்தான் தன் வண்டியிலேயே பெரிய வசதி என்பான்.

பிரெஸ்காட் மலையில் பைன் மரங்களுக்கு நடுவே எங்கள் முகாம். எனக்கும் அவனுக்கும் அடுத்தடுத்த இடம். என் வண்டி டீசல், அவனுடையது பெட்ரோல். கோடைக்கு மேலே வருவோம், குளிர் தொடங்கினால் பாலைவனத்துக்கு இறங்கிவிடுவோம். மாலையானால் அவரவர் நாற்காலியையும் அவரவர் பீரையும் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் வண்டி முன்னால் கூடுவது வழக்கம். நான் வருவதைப் பார்த்ததும் ரஸ்ஸல் ஆரம்பித்துவிடுவான்.

"என்ன டிரைவரே, பஸ் எப்போ கிளம்பும்? ஜன்னலோரம் ஒரு சீட்டு போட்டு வைங்க."

"கிண்டல் இருக்கட்டும் ரஸ்ஸல். மலை இறக்கத்துல உன் வண்டி நிக்குமான்னு யோசிச்சியா?"

"நிக்காம எங்கடா போவும்? கால் எதுக்கு வச்சிருக்கேன்? நீ ஒரு தடவை ஆயில் மாத்துற காசுல நான் டார்லீனை வேகாஸுக்கே கூட்டிட்டுப் போய்ட்டு வந்துருவேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். டார்லீன் அவன் மனைவி, அவள் சிரிப்பதில் தப்பில்லை. என் மனைவி ஐரினும் சிரிப்பாள். எனக்குப் புரியாதது அதுதான்.

நான் காரணம் இல்லாமல் பேசுகிறவன் அல்ல. என் வண்டியில் பிரேக் காற்றில் வேலை செய்கிறது. காற்றுப் போய்விட்டால் சக்கரம் தானாக இறுகி வண்டி நின்றுவிடும். அவனுடையதில் பிரேக் எண்ணெயில் வேலை செய்கிறது. எண்ணெய் போனால் போனதுதான். அதோடு, இறக்கத்தில் ஒரு விசையைத் தட்டினால் என் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இதையெல்லாம் அவனிடம் எத்தனையோ முறை, எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். ஆகவே நான் அவனை எச்சரிக்கவில்லை என்று உங்கள் அறிக்கையில் எழுதினால் அது சரியாக இருக்காது.

ஜூலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். புதிய டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்த ஒரு ஏற்பாடு உண்டு. அதில் பொட்டு அளவுக்கு ஒரு கருவி கெட்டால் போதும், வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, இது அரசாங்கம் வைத்த வினை. என் வண்டிக்கு அது முகாம் வாசலில் வைத்து நேர்ந்தது. ரஸ்ஸல் என்ன செய்தான் தெரியுமா? ஒரு கையில் பீரும் இன்னொரு கையில் சிவப்புத் துண்டுமாக, என் வண்டிக்கு முன்னால் நடந்தே வந்தான். "வழி விடுங்க, வழி விடுங்க, மகாராஜா தேர் வருது" என்று முகாம் முழுக்கக் கத்திக்கொண்டு வந்தான். நாய்கள்கூட எழுந்து பார்த்தன. அன்று ராத்திரி ஐரின் தூங்கும்வரை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. அவன் ஒரே ஒரு முறை, நாலு பேர் முன்னால், "வெர்னான், டீசல்தான் சரி" என்று சொன்னால் போதும் என்று மட்டும் நினைத்தேன். அது பெரிய ஆசையா?

இனி உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு வருகிறேன். எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. யாராவது கிளம்பினால், பக்கத்து இடத்துக்காரர் வண்டியைச் சுற்றி வருவார். படி உள்ளே போயிருக்கிறதா, தண்ணீர்க் குழாயைக் கழற்றினார்களா, பின் விளக்கு எரிகிறதா, அடியில் ஏதாவது ஒழுகுகிறதா என்று பார்ப்பார். எல்லாம் சரியென்றால் வண்டியின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். அந்தத் தட்டு கேட்டபின் யாரும் இறங்கி இன்னொரு முறை பார்ப்பதில்லை. அது பக்கத்து வீட்டுக்காரரை அவமதிக்கிற மாதிரி.

வியாழக்கிழமை காலை ரஸ்ஸல் மலையிறங்கிப் பீனிக்ஸ் நகரத்துக்குக் கிளம்பினான். எதற்கு என்று கேட்டேன்.

"சும்மா, ஒரு வேலை. போய்ட்டு வந்து சொல்றேன். நீ ஒரு சுத்து பாத்துரு டிரைவரே."

பார்த்தேன். பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. விரலை வைத்துத் தேய்த்து முகர்ந்தேன், பிரேக் எண்ணெய். தரையில் தட்டு அளவுக்கு ஒரு கறை. நான் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியே இருந்தேன். யோசித்தது ஒன்றுதான். இத்தனை நாளாக நான் வாயால் சொன்னதை, இன்று மலை அவனுக்குச் சொல்லட்டும். இறக்கத்தில் ஒரு இடத்தில் மிதித்தும் பிரேக் பிடிக்காமல் போகும், பயந்துபோவான், ஓரத்து மண் திட்டில் ஏற்றி நிறுத்துவான். சாயங்காலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒப்புக்கொள்வான். இவ்வளவுதான் நான் நினைத்தது.

டார்லீனும் கூடப் போவதாக இருந்தது. பையோடு படியில் நின்றாள். நான் அவளிடம், "நீ எதுக்கும்மா அந்தச் சத்தத்துல போற? ஐரினுக்குத் தலைவலி, ஒத்தையா இருக்கா. இங்கேயே இரு, சீட்டு ஆடலாம்" என்றேன். ஐரினுக்குத் தலைவலி எதுவும் இல்லை. பயந்து நின்றுவிடப் போகிற வண்டிதான் என்றால் டார்லீனை ஏன் இறக்கினாய் என்று கேட்கிறீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். நான் அடிப்படையில் இளகிய மனசுக்காரன், வேறு காரணம் தோன்றவில்லை.

அவள் இறங்கினாள். நான் காலால் பைன் சருகைத் தள்ளிக் கறையை மூடினேன். இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது முகாமின் விதி. பிறகு பின்னால் போய் இரண்டு தட்டு தட்டினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டேன் போல, உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. ரஸ்ஸல் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

இறக்கத்தின் மூன்றாவது வளைவில் அவன் திரும்பவில்லை என்பது உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. அங்கே மண் திட்டு கிடையாது. அந்த ரோட்டில் நான் பலமுறை இறங்கியிருக்கிறேன், கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆமாம், தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

அடக்கம் முடிந்ததும் டார்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் சொன்னாள். "உன்கிட்ட மட்டும் மூச்சு விடாதேன்னான், வெர்னான். அந்த வண்டியைக் குடுத்துட்டு டீசல் எடுக்கத்தான் போனான். திரும்பி வந்து உன் பக்கத்துல நிறுத்தி ஹாரன் அடிக்கணுமாம். 'டிரைவரே, நானும் டிரைவர் ஆயிட்டேன்'னு சொல்லணுமாம். உன் முகத்தைப் பாக்கணும்னு ஒரு வாரமா சின்னப் புள்ள மாதிரி குதிச்சான்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை, ஆபீசரம்மா. உங்கள் அப்பா டீசலே வாங்கட்டும், ரஸ்ஸலே கடைசியில் அந்த முடிவுக்குத்தான் வந்தான் என்று சொல்லுங்கள். ஆனால் அவன் செய்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. பக்கத்திலேயே இருக்கிற மனுஷனிடம் இவ்வளவு முக்கியமான விஷயத்தை யாராவது மறைப்பார்களா? அன்று காலை அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், நானும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.