பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகள்

தியேட்டரில் எனக்குக் கடைசி வரிசைதான் பிடிக்கும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்.

அக்காவின் கணவரும் நானும் சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் போவோம். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்யும் படங்கள் என்றால் எனக்கு உயிர். அவற்றில் எதுவும் சும்மா நடப்பதில்லை. ஒருவன் குடையை இடக்கைக்கு மாற்றினால் ஒரு மந்திரி செத்துப்போவார். வெளியே வந்தால்தான் எல்லாம் அரைகுறையாகத் தெரியும்.

அத்தான் அரசு அலுவலகக் குமாஸ்தா. இடைவேளையில், “எங்க ஆபீஸ்ல ஒரு ஸ்டேப்ளர் வாங்கவே மூணு கையெழுத்து வேணும் மச்சான். இவனுங்க எப்பிடி ஆட்சியக் கவுக்குறானுங்க?” என்று சிரிப்பார். படங்களில் அப்படிச் சிரிக்கிறவரைத்தான் நான் முதலில் குறித்துவைப்பேன்.

பகலில் எனக்கு லிப்ட் பராமரிப்பு வேலை. மாலையில் அதற்கான வகுப்பு. பார்த்ததை நேரத்தோடு நோட்டில் எழுதச் சொல்வார் ஆசிரியர். “ஒரு தடவ சத்தம் வந்தா விட்டுரு. அதே நேரத்துக்கு மூணு தடவ வந்தா கோளாறு.”

வகுப்பு ஜன்னலுக்கு எதிரே ஒரு கட்டடம். அதன் லிப்ட் எங்கள் நிறுவனத்தின் பொறுப்பு. செவ்வாய்தோறும் ஆறு பத்துக்கு அத்தான் பழுப்பு உறையோடு அதற்குள் போனார். நான்காம் மாடியில் ஸ்கேன் நிலையம் என்று பலகை. படங்களிலும் ஏதாவது ஒரு பலகை இருக்கும்.

நான் அவசரக்காரன் அல்ல. என் கணிப்பின் மேல் எனக்கே நம்பிக்கை குறைவு. அதனால் மூன்றோடு நிறுத்தாமல் பன்னிரண்டு செவ்வாய் எழுதினேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டும் பார்த்தேன்.

“சும்மாதான், ஒரு பிரண்டப் பாக்க.”

சும்மா.

பதின்மூன்றாம் செவ்வாய், பராமரிப்பு என்று கையெழுத்திட்டு அந்தக் கட்டடத்துக்குள் போனேன். நான்காம் மாடிக் கதவை லிப்ட் பெட்டி வராமலே திறக்கும்படி செய்தேன். திரும்பும்போது அவர் உறையைப் பார்த்துக்கொண்டே லிப்டுக்குள் கால் எடுத்துவைப்பார். அதுவும் நோட்டில் இருக்கிறது.

உறையில் அவருடைய சிறுநீரகப் படங்கள்தான் இருந்தன. இவ்வளவு சாதாரணமான தாள்களை வைத்து மறைக்கிறார்கள் என்றால், மறைத்தது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்.

அக்கா அழவில்லை. “உன் பரீட்ச முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னாருடா” என்றாள். அப்படியென்றால் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆமாம், அவரைக் கொன்றது நான்தான். இதைச் சொன்னபோது நீங்கள் எழுதவில்லை, இன்ஸ்பெக்டர்; கடிகாரத்தைப் பார்த்தீர்கள். நேற்றும் இதே நேரத்துக்குப் பார்த்தீர்கள்.

இதோடு இரண்டு.