கைகளுக்காக ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், போதகர் ஐயா. என் பதில் கொஞ்சம் நீளும். கிட்டாரிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

வீட்டு மாடியறையில் நான் கிறிஸ்தவப் பாடல்கள் பதிவு செய்வது உங்களுக்குத் தெரியும். பகலில் கப்பல் ஏஜென்சியில் வேலை. ஜன்னலுக்கு மெத்தை, சுவருக்குப் பழைய கம்பளி. உப்பு லாரிகள் கிளம்பும் முன் காலையில் கிடைக்கும் அமைதிதான் என் ஸ்டூடியோ. கீபோர்டைத் தட்டினால் கம்ப்யூட்டரே கிட்டாரும் பேஸும் வாசித்துத் தரும். ஆனால் அந்தக் கிட்டாருக்கு விரல் கிடையாது. எல்லாச் சுரமும் ஒரே அழுத்தத்தில், இம்மியும் பிசகாமல் வரும். நான் சுரம் சுரமாகப் பிடித்து ஒன்றைத் தாழ்த்தினேன், ஒன்றை மயிரிழை தள்ளி வைத்தேன், கம்பியில் விரல் உரசும் சத்தத்தைத் தனியே சேர்த்தேன். பிணத்துக்குப் பவுடர் பூசியதுபோல் இருந்தது. எத்தனை காலைகள் இப்படிப் போயின என்று கேட்காதீர்கள்.

போன அசனப் பண்டிகையில், சபையார் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது என் பாட்டைப் போட்டார்கள். பந்தியில் சாம்பார் வாளியோடு வந்த பாடகர் குழு ஜெனிஸ் என் இலை முன்னால் நின்றாள். "அண்ணே, பாட்டு நல்லாத்தான் இருக்கு. காலிங் பெல்லுக்கு வச்சா இன்னும் நல்லாருக்கும்" என்றாள். வரிசையே சிரித்தது. நான் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டேன்.

பிறகுதான் செல்வினைக் கூப்பிட்டேன். துறைமுகத்தில், கப்பல் தளத்தில் அடுக்கிய கன்டெய்னர்களை இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டும் வேலை அவனுக்கு. பேஸ் கிட்டார் நன்றாக வாசிப்பான். ஆனால் ஓய்வு நாளில் வந்து வாசித்தபோது கம்ப்யூட்டரைப் போலவே சுத்தமாக இருந்தது. ஒருமுறை இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்தான். விரல்கள் வீங்கியிருந்தன. ஒவ்வொரு சுரமும் பாரம் தூக்கி வருவதுபோல் சற்றுப் பிந்தி வந்து உட்கார்ந்தது. விரல் நகர்கையில் கம்பி முனகியது. ஹெட்போனைக் கழற்றாமல் அழுதேன், ஐயா. நான் தேடியது அதுதான்.

அடுத்த வாரம் நன்றாகத் தூங்கி எழுந்து வந்தான். மறுபடியும் சுத்தம். "அன்னைக்கு மாதிரி, வலிக்கிற மாதிரி வாசிலே" என்றேன்.

"வலிச்சாத்தானண்ணே வலிக்கிற மாதிரி வாசிக்க முடியும்" என்று சிரித்தான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான்.

சின்னச் சின்ன உதவிகளை நம்புகிறவன் நான். செல்வின் வீடு கட்டிப் பாதியில் நின்றிருந்தது. எங்கள் ஏஜென்சிக்கு ஆள் அனுப்பும் பேச்சிராஜா அண்ணாச்சியிடம் பேசி, பதிவுக்கு முந்தைய இரவுகளில் அவனுக்குக் கூடுதல் ஷிப்ட் வாங்கிக் கொடுத்தேன். செல்வினும் அவன் மனைவி ஷீஜாவும் ஒரு பெட்டி மக்ரூனோடு வந்து நன்றி சொன்னார்கள்.

என் மனைவி ஜெபகனிக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு காலையில் மாடிக்கு ஏறும் முன்பே செல்வின் கூடத்துச் சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டான். அவள் பாய் விரித்து, தலைக்குத் தலையணை வைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டாள். நான் எழுப்பப் போனேன்.

"ஏங்க, பிள்ள ஒரு கண்ணு அசரட்டும். பாட்டு எங்கன ஓடிரப் போவுது?"

"உறங்கி எந்திச்சாம்னா ஒண்ணுக்கும் ஆவாது, ஜெபகனி."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் அவனை எழுப்பினேன். அன்று மிக நன்றாக அமைந்தது.

விபத்து நடந்த நாள் மாலையில் செல்வின் போன் செய்தான். "அண்ணே, விடாம வேல பாத்து கண்ணு சொருகுது. மேல நிக்கையில தல கிறுகிறுன்னு சுத்துது. இன்னைக்கு மட்டும் விட்டுரச் சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா அண்ணாச்சி கேப்பாரு."

சொல்கிறேன் என்றேன். பேச்சிராஜாவைக் கூப்பிட்டு, "செல்வின் கட்டாயம் வாரான் அண்ணாச்சி, வேற ஆள் போட்டுராதீங்க" என்று சொன்னேன். பிறகு செல்வினிடம், "கேட்டுப் பாத்தேன்ல, மாத்த ஆளே இல்லியாம். இன்னைக்கு ஒருநாள் போயிரு" என்றேன். "சரிண்ணே, நீங்க கேட்டதே பெருசு" என்றான். அந்தப் பாட்டில் பேஸ் மட்டும்தான் பாக்கி இருந்தது, ஐயா. இந்த வருஷ அசனத்துக்கு அது வேண்டும்.

இரும்புக் கம்பியை உயர்த்தியவன் நிலை தவறி விழுந்தான். கம்பி மேலே விழுந்து இடது கால் நசுங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஷீஜா அழுதுகொண்டிருந்தாள். நான் உள்ளே போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கைகளும் முழுசாக இருந்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக் கவர் போட்டேன். 'செல்வினின் கைகளைக் காத்ததற்காக நேசக்குமார் குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை' என்று நீங்கள்தான் சபை முன் வாசித்தீர்கள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஜெபகனி சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டாள்: "உயிரக் காத்ததுக்குன்னு ஏங்க எழுதல?"

எனக்கு அது தோன்றவே இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உங்களைத் தேடி வந்துவிட்டாள்.

தெரிந்துதான் அனுப்பினேனா என்று கேட்டீர்கள். ஆம், தெரிந்துதான். அவன் தலை சுற்றுகிறது என்றதும், நாளை சுரம் இன்னும் கனமாக விழும் என்று நினைத்தேன்.

ஆனாலும் அவனை நான் கைவிடவில்லை, ஐயா. இப்போது மைக்கை அவன் வீட்டுக்கே கொண்டுபோகிறேன். கட்டிலில் சாய்ந்தபடி வாசிக்கிறான். இவ்வளவு நன்றாக அவன் ஒருநாளும் வாசித்ததில்லை. ஷீஜா மருந்துச் சீட்டை என்னை நம்பிக் கொடுக்கிறாள், நானும் தவறாமல் வாங்கிவிடுகிறேன். காலை வேளைக்கான வலி மாத்திரையை மட்டும் பதிவு முடிந்தபிறகு கொடுக்கிறேன். முன்னாலேயே கேட்டு அழுகிறான். பாவம், அவனுக்குப் பொறுமை குறைவு. அதற்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.